அது பெயிண்ட் வாசனை அல்ல, மிரான்

அன்பு மகள் மிரானுக்கு,

ஊரே விளக்கணைத்துத் தூங்கும் இந்த நேரத்தில் எழுதுவதற்கு என்னை மன்னித்துக்கொள் கண்ணு, மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாக இருந்தால் அதற்கும் சேர்த்து மன்னித்துக்கொள். இங்கே எல்லோரும் சுகம், அங்கே நீ சுகமா என்று எப்போதும் தொடங்குவேன். இன்றைக்கு முதல் பாதியை முழுசாக எழுத முடியவில்லை, இரண்டாவது பாதியைக் கேட்கவே பயமாக இருக்கிறது. நீ இதை உன் அறைக்குள் உட்கார்ந்து படிக்கிறாய் என்றால் இந்த வரியோடு எழுந்து வெளியே வா. பனி கொட்டினாலும் பரவாயில்லை, போர்வையைச் சுற்றிக்கொண்டு முற்றத்தில் நின்று படி. உன்னோடு வேலை பார்த்து உன் அறையிலேயே தங்கும் சுன்பொக் டீச்சர் உள்ளே படுத்திருந்தால் அவளையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வா, அவள் திட்டினால் திட்டட்டும். வந்துவிட்டாயா? இனி மேலே படி. உன் தங்கை உன்மி உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் சொல்லிவிட்டால் நீ மற்றதைக் கொஞ்சம் நிதானமாகப் படிப்பாய் என்று சொல்கிறேன்.

நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன், உன்மி கதவுக்கு அந்தப் பக்கம் தூங்குகிறாள், எதிர் பெஞ்சில் உன் அத்தை தொக்சுன் ஷூவைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். ஊரடங்கு நாலு மணிக்கு விலகியதும் அத்தை ரயில் நிலையத்துக்குப் போய் முதல் வண்டியைப் பிடித்து உன்னிடம் வருவார், இந்தக் கடிதம் அவர் இடுப்பில் இருக்கும். அத்தையே வாயால் சொல்லிவிடுவாரே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? அவர் சொன்னால் நீ சிரிப்பாய். நான் சொன்னால் இன்னும் சிரிப்பாய். மாதா மாதம் ஊதுகிற விமானத் தாக்குதல் ஒத்திகைச் சங்குக்கும் உனக்கும் என்னம்மா வித்தியாசம், அதுவாவது ஊதி முடித்துவிட்டு நிற்கும் என்று சொன்னவள்தானே நீ. போன மாதம் கம்பளி உள்ளாடை போடச் சொல்லி நான் தந்தி அடித்ததை உங்கள் தலைமையாசிரியர் எல்லோர் முன்னாலும் வாசித்துக் காட்டினார் என்று நீ கோபப்பட்டாய். இன்று சாயங்காலம் அடித்த தந்தி ஒருவேளை இதற்கு முன்பே வந்திருந்தால் அதையும் அப்படித்தான் மடித்து வைத்திருப்பாய் என்பதுதான் என் பயம். ஆகவே நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். படித்த பிறகு நீயே சொல், இது சங்கா இல்லையா என்று.

வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும் யோசனை உன் அப்பாவுடையது என்பது உனக்குத் தெரியும். கப்பல் ஏறும் முன் துறைமுகத்திலிருந்து நீலப் பெயிண்ட் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு வந்து மாடிப்படிக்கு அடியில் அடுக்கிவிட்டு, வசந்தத்தில் நான் திரும்பும்போது கப்பல் தட்டில் நின்று பார்த்தால் யொங்தோ மலையில் எது நம் வீடு என்று தெரிய வேண்டும் என்றார். நம் சந்தில் பாதி வீடு கப்பல் பெயிண்ட்தான், சாம்பல், பச்சை, துருச் சிவப்பு என்று துறையில் எது மிஞ்சியதோ அது. நீலம் யாரிடமும் இல்லை. இலையுதிரில் வேலையை ஆரம்பித்தேன். நான் மனையியல் படித்தவள் ஆயிற்றே, சுவரை முதலில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, விரிசலுக்குப் பட்டி வைத்து, காயவிட்டு, பிறகு ஒரு கோட், அது காய்ந்ததும் மறு கோட் என்று வரிசையாகத் திட்டம் போட்டுவைத்திருந்தேன். அன்று வேலை முடிந்து வந்த அத்தை வாசலில் நின்று பார்த்துவிட்டு, ஏ காலேஜு, சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறியா இல்ல சுவருக்குப் பரீட்சை வைக்கிறியா, தள்ளு அந்தப்பக்கம் என்று பிரஷ்ஷைப் பிடுங்கிக்கொண்டார். அவ்வளவுதான், அன்றிலிருந்து அவர்தான் மேஸ்திரி. கப்பல் வயிற்றில் கயிற்றுப் பலகையில் தொங்கிக்கொண்டு சுத்தியலால் துரு தட்டுகிறவர், பெயிண்ட் விஷயத்தில் அவர் சொல்லுக்கு மேல் சொல் ஏது? எனக்கும் நிம்மதிதான், இறக்கிவைக்கத் தோள் கிடைத்தது போல.

வெளிச்சுவர் முடிந்து, அறைக்குள் ஜன்னல் சட்டம், கதவு, நிலை எல்லாம் நீலமாயிற்று. அப்போதுதான் உன்மி அத்தையிடம், நான் படுக்கிற இடத்தில் தரை முதுகைக் குத்துது என்றாள். அடுப்புச் சூடும் புகையும் தரைக்கடியில் நுழைந்து ஓடத் தொடங்குகிற அந்தச் சூடான மூலையில், அடுப்புக்கு நேர் மேலே, தரைத்தாளுக்கு அடியில் சிமெண்டில் ஒரு மேடு, உனக்கு நினைவிருக்கும், நீயும் சின்ன வயதில் அதைத் திட்டியிருக்கிறாய். குளிர்காலத்தில் அந்த மூலையைச் சின்னவளுக்குக் கொடுத்துவிட்டு நான் கதவோரக் குளிரில் படுப்பேன். அத்தைக்குக் கண்ணில் ஒரு மேடு பட்டால் கை சும்மா இருக்காது. தாளைத் தூக்கி, துரு தட்டும் சுத்தியலை எடுத்து, டங் டங் டங் என்று அரைமணியில் மேட்டைச் சமமாக்கிவிட்டார். பாத்தியாடி, கப்பலுக்கே முதுகு சொறியுறவ, உன் தரை எனக்கு எம்மாத்திரம் என்றார் உன்மியிடம். உன்மி கைதட்டினாள். நானும் அத்தையும் சேர்ந்து புதுத் தாளை ஒட்டி, மேலே வார்னிஷ் பூசினோம், மஞ்சளாக, தேன் ஊற்றின மாதிரி மின்னியது. குளிர் வரும் முன் ஜன்னல் இடுக்குகளில் எப்போதும் போல் தாள்பட்டை ஒட்டி அடைத்தோம். எல்லா வருடமும் கரி பற்றவைக்கும் முன் அடுப்பில் ஈர வைக்கோலைப் புகையவிட்டு, தரையில் எங்கே புகை கசிகிறது என்று முழங்காலிட்டுத் தேடுவேனே, இந்த வருடம் தேடவில்லை. புதுத் தாள், புது வார்னிஷ், புதுப் பெயிண்ட், இதில் எங்கே ஓட்டை இருக்கப் போகிறது என்று தோன்றிவிட்டது. வீடு புதுசாகத் தெரிந்ததும் பயம் பழசாகிவிட்டது, வேறென்ன சொல்ல.

கரி பற்றவைத்ததிலிருந்து காலையில் எழுந்தால் எனக்குத் தலை கனத்தது. உன்மி கஞ்சியைத் தள்ளிவிட்டு, அம்மா தலைக்குள்ள யாரோ மிதிக்கிறாங்க என்பாள், சந்தில் விளையாடப் போய்விட்டால் மத்தியானத்துக்குள் சரியாகிவிடுவாள். இரண்டு மூன்று தடவை எனக்குச் சந்தேகம் வந்து அத்தையிடம் கேட்டேன், அண்ணி, கரி வாயுவா இருக்குமோ என்று. அத்தைக்குக் காது மந்தம், சத்தமாகக் கேட்டதில் சந்தே எட்டிப் பார்த்தது. போடி பயந்தாங்கொள்ளி, கரி வாயுன்னா நாறும், அழுகின முட்டை மாதிரி ஒரு நாத்தம் வரும், இங்க ஏதாச்சும் அப்படி வருதா, மோந்து பாரு, பெயிண்டு வாசனைதான வருது என்றார். மோந்து பார்த்தேன். பெயிண்ட் வாசனைதான் வந்தது, வேறு எதுவுமே வரவில்லை. உப்புத் தண்ணிக்கே அசையாத பெயிண்டுடி இது, மூக்கை விட்டு அவ்வளவு சீக்கிரம் போயிடுமா, கப்பலுக்குப் புதுசா வர்ற பொம்பளைங்க எல்லாம் மொத மாசம் தலையப் புடிச்சுக்கிட்டுத்தான் திரிவாளுங்க, அப்புறம் பழகிடும் என்றார். அவர் சொன்னது பொய் இல்லை. பெயிண்டுக்கும் தலை வலிக்கும். பெயிண்டைப் பற்றி அத்தைக்குத் தெரிந்தது எல்லாம் சரி. ஆனால் அந்த வாசனைக்குப் பின்னால் இன்னொரு வாசனை ஒளிந்துகொண்டு நிற்கும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அதற்கப்புறம்தான் மிச்சமிருந்த டப்பாக்களை மூட்டை கட்டிக்கொண்டு அத்தை உன் ஊருக்குக் கிளம்பினார். என் தம்பி மக, டீச்சரு, அவ ரூமு மட்டும் கரி மூட்டையாட்டம் கிடக்கணுமா என்று. நீ கடிதத்தில் உன் கதவு மூடவே மாட்டேன் என்கிறது, ராத்திரி முழுக்கக் காற்று கழுத்தை வெட்டுகிறது என்று எழுதியிருந்தாயே, அதுதான் அவரை ரயிலேற்றியது. திரும்பி வந்து சந்துப் பெண்களை எல்லாம் கூட்டி வைத்துக்கொண்டு சொன்ன கதை இன்னும் என் காதில் இருக்கிறது. கதவு, ஜன்னல் எல்லாம் நீலமாக்கிட்டேன், கல்யாணப் பொண்ணு ரூமு மாதிரி மின்னுது. கதவடியில சிமெண்டு தூக்கிக்கிட்டு நின்னுச்சு, அதான் மூடல, நாலு தட்டு தட்டினேன், இப்ப சாத்தினா ஒரு பெருமூச்சுகூட உள்ள போகாது. ஜன்னலுக்கு நானே தாளும் ஒட்டிட்டேன். நான் மட்டும் பெயிண்டு நாத்தம் தாங்காம வீட்டுக்கார அம்மா ரூமுல படுத்துக்கிட்டேன், அவளுங்க ரெண்டு பேரும் அங்கயே படுத்தாளுங்க. காலையில பார்த்தா ரெண்டு டீச்சரும் தலையப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காளுங்க. ஆனா பள்ளிக்கூடம் போனதும் சரியாயிடுதாம். நம்ம பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் போனாத்தான் தலைவலி வரும், இவளுங்களுக்குப் பள்ளிக்கூடம் போனாத்தான் தலைவலி தீருது, அரசாங்கம் பார்த்துத்தான் வேலை குடுத்திருக்கு என்றார். சந்தே சிரித்தது. நானும் சிரித்தேன் மிரான். உன்மி என் மடியில் உட்கார்ந்திருந்தாள், எதற்கு என்று தெரியாமலே அவளும் சிரித்தாள்.

நேற்றுச் சாயங்காலம் கதவு நிலைக்கு இரண்டாவது கோட் அடித்தோம். குளிர் தாங்காமல் அது சரியாகக் காயும் முன்பே கதவைச் சாத்திவிட்டேன். விடியற்காலையில் அடுப்புக் கரி மாற்ற எழுந்தேன், எழுந்தேன் என்று நினைத்தேன், ஆனால் தரையிலேதான் கிடந்தேன். கால் என் கால் மாதிரி இல்லை, யாரோ நனைத்துப் போட்ட துணி மாதிரி இருந்தது. வாந்தி வந்தது. உன்மி என்று கூப்பிட்டால் குரல் வரவில்லை. ஊர்ந்து போய் அவள் போர்வையை இழுத்தேன். கன்னம் ரோஜா மாதிரி சிவந்து, அவ்வளவு அழகாகத் தூங்குகிறாள், இரண்டு கன்னத்திலும் அடித்தேன், கண் திறக்கவில்லை. ரேடியோவில் ஒவ்வொரு குளிர்காலமும் சொல்கிற கரி வாயுச் சிவப்பு இதுதான் என்று அப்போதுதான் புரிந்தது. கதவைத் தள்ளினேன், பெயிண்ட் நிலையோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டது. ஜன்னலை இழுத்தேன், அதுவும் பெயிண்டில் ஒட்டியிருந்தது, அதற்கு மேல் நாங்களே ஒட்டிய தாள்பட்டை. என் வீடு, நானே அழகாகப் பூசி மூடிய வீடு, எங்களை வெளியே விட மாட்டேன் என்கிறது. ஜன்னலடியில் பாதிப் பெயிண்டோடு ஒரு டப்பா இருந்தது. அதை எப்படித் தூக்கினேன், எந்தக் கையால் எறிந்தேன் என்று கேட்காதே. கண்ணாடி உடைந்தது, டப்பா முற்றத்தில் போய் விழுந்தது, குளிர்காற்று முகத்தில் அறைந்தது. அந்த ஓட்டையில் வாயை வைத்துக் கத்தினேன்.

பக்கத்து வீட்டு ஜொங் அம்மா ஓடிவந்து கதவை உதைத்தே திறந்தாள். உன்மியைத் தூக்கிக்கொண்டு போய் முற்றத்து மண்ணில் முகம் படும்படி குப்புறப் போட்டாள், கரி வாயுவுக்கு அதுதான் கைமருந்து என்று யாரோ ஜாடியிலிருந்து முள்ளங்கிக் கிம்ச்சி ஊறிய தண்ணீரை மொண்டுவந்து அவள் வாயில் ஊற்றப் பார்த்தார்கள், அது உதட்டோரமாக வழிந்து போய்விட்டது. உன் அத்தை கடைசியாகத்தான் வந்தார், காதில் விழவில்லை பாவம். வந்தவர் முதலில் பார்த்தது முற்றமெல்லாம் கொட்டிக் கிடந்த நீலத்தைத்தான். எவடி அவ, என் தம்பி சேர்த்து வெச்ச பெயிண்டை இப்படிக் கொட்டினவ, கை விளங்குமா என்று சந்து அதிரக் கத்திக்கொண்டே வந்தார். அப்புறம் அந்த நீலத்துக்குப் பக்கத்தில் கிடந்த குழந்தையைப் பார்த்தார். உன்மியை முதுகில் போட்டுக் கட்டிக்கொண்டு, அந்தச் செங்குத்துப் படிக்கட்டில் இறங்கி ஓடினார், நான் பின்னால் விழுந்து எழுந்து ஓடினேன். பாலத்தருகே டாக்சி கிடைக்கும் வரை அவர் நிற்கவே இல்லை. அவர் கால் தடம் எல்லாம் நீலம்.

ஆஸ்பத்திரியில் உன்மியை இரும்புப் பீப்பாய் மாதிரி ஒரு பெட்டிக்குள் வைத்து உள்ளே பிராண வாயுவை அழுத்தினார்கள். வட்டக் கண்ணாடி வழியாக அவள் நெற்றி மட்டும் தெரிந்தது. அந்த நெற்றியைத்தான் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றேன், நீ எங்கே இருக்கிறாய் என்ற நினைவுகூட எனக்கு வரவில்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை இப்போது. சாயங்காலம் வெளியே எடுத்தார்கள். கண் திறந்தாள், என்னை அடையாளம் தெரிந்தது, அம்மா குளிருது என்றாள். நான் அழுததைப் பார்த்து அவளும் அழுதாள். டாக்டர் சின்னப் பையன்தான், உன்னைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். பிழைத்துவிட்டாள், ஆனால் இன்னும் சில வாரம் கவனமாகப் பார்க்க வேண்டும், நடை தடுமாறினாலோ பேச்சு குழறினாலோ உடனே கொண்டுவரணும் என்று சொல்லிவிட்டு, காகிதத்தில் குறித்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார். இதுக்கு முன்னாடி தலைவலி இருந்துச்சாம்மா? இருந்தது என்றேன். காலையிலயா? ஆமாம். வெளிய போனா சரியாயிடுமா? ஆமாம், மத்தியானத்துக்குள் சரியாகிவிடும் என்றேன். வேற யாருக்காச்சும் இதே மாதிரி இருக்கா என்றார். இல்லை, எனக்குக் கொஞ்சம், அவ்வளவுதான் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பின்னால் நின்று டாக்டரின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்த அத்தை, மிரானுக்கு என்றார். எவ்வளவு மெதுவாகச் சொன்னார் தெரியுமா, அந்த மனுஷி மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. மிரானுக்கு இருக்கு. பள்ளிக்கூடம் போனா சரியாயிடுது. நான்தான் தட்டினேன், அதே சுத்தியல்.

அதற்குள் உன் ஊர்ப்பக்கம் போகும் கடைசி வண்டி போய்விட்டிருந்தது. அத்தையை உன்மி பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுத் தபால் நிலையத்துக்கு ஓடினேன். உன் பள்ளிக்கூடத்துக்கு ட்ரங்க் கால் கேட்டேன், மலையில் பனி விழுந்து கம்பி அறுந்துவிட்டது, காவல் சாவடிக்கும் அதே கம்பிதான் என்றார்கள். தந்தி அடித்தேன், அறையில் தூங்காதே கரி வாயு தரையைப் பார் அம்மா என்று. கீழ் ஊர் வரைக்கும்தான் போகும்மா, அங்கேருந்து ஆள் நடந்து மேல கொண்டு போகணும், இந்தப் பனியில இன்னிக்குப் போவானா நாளைக்குப் போவானா சொல்ல முடியாது என்றார் அந்த எழுத்தர். நீங்கள் நினைத்தால் முடியாதா என்று நான் அவரிடம் கெஞ்சினேன், பாவம் அவர் பனியை என்ன செய்வார். திரும்பி வரும் வழியில் வீட்டுக்குப் போய், ஜொங் அம்மா லாந்தர் பிடிக்க, உன்மி படுத்த இடத்தில் அந்தப் புதுத் தாளைக் கிழித்தேன். மேலே தேன் நிறம். அடிப்பக்கம் புகையிலைக் கறை மாதிரி பழுப்பாக ஒரு கோடு, கிளை பிரிந்து போகிறது. கீழே சிமெண்டில் அதே வடிவத்தில் மயிரிழை விரிசல், விரலை வைத்தால் சூடாகக் காற்று வருகிறது. தரைக்கடியில் ஓடிப் புகைக்குழாய்க்குப் போக வேண்டிய வாயு அதன் வழியாக ஏறி, குழந்தையின் தலையணைக்கு அடியில் வந்துகொண்டிருந்திருக்கிறது. அந்தத் தாளில் ஒரு துண்டை வெட்டி இதோடு வைத்திருக்கிறேன். சங்கு ஊதுகிறேன் என்று நினைத்தால் அதைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்.

இனி சொல்வதை அம்மா சொல்வதாக நினைக்காதே, அந்த டாக்டர் சொல்வதாக வைத்துக்கொள். அந்த அறையில் இன்னும் ஒரு இரவுகூடப் படுக்காதே. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு படுக்கிறேன், ஜன்னலைக் கொஞ்சம் நீக்கி வைக்கிறேன் என்று பேரம் பேசாதே. பள்ளிக்கூடத்தில் இரவுக் காவல் அறை இருக்கிறதே, தலைமையாசிரியரிடம் நான் கேட்டேன் என்று சொல்லி நீயும் சுன்பொக்கும் அங்கே போய்ப் படுங்கள், உள்ளாடைத் தந்தி அனுப்பிய அதே அம்மாதான் என்று சொல், மறந்திருக்க மாட்டார். ஜன்னல் தாளைக் கிழித்துப் போடு, அழகு போனால் போகட்டும். பகலில் எல்லோரும் இருக்கும்போது வீட்டுக்கார அம்மாவை வைத்துக்கொண்டு அடுப்பில் ஈர வைக்கோல் போட்டுப் புகையவிடு, கதவடியில் அத்தை தட்டிய இடத்தையும் சூடான மூலையையும் முதலில் பார். புகை வந்தால் நீயே சிமெண்டு குழைத்துப் பூசாதே, அத்தையையும் பூச விடாதே, கொத்தனாரைக் கூப்பிட்டுத் தரையையே பெயர்த்துப் போடச் சொல்லுங்கள். தலைவலித்தால் கிம்ச்சித் தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்காதே, வெளியே போ, டாக்டரிடம் போ. இனி உன் வாழ்க்கையில் எந்த வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தாலும் கதவையும் ஜன்னலையும் காயக் காயத் திறந்து மூடிக்கொண்டே இரு, ஒட்டவிடாதே.

அத்தையை ஒன்றும் கேட்காதே மிரான். சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன், தொடவில்லை. சற்று முன்பு, காலேஜு, நீ கேட்ட, நான் சத்தமா பேசி உன் வாயை அடைச்சிட்டேன் என்றார். அண்ணி, எனக்கும் மூக்கு இருந்தது, நானும் மோந்துதானே பார்த்தேன் என்றேன். அவருக்குக் கேட்டதோ இல்லையோ. உன் வாசலில் வந்து நிற்கும்போது அவர் உன்னைக் கட்டிக்கொள்ளவும் மாட்டார், கும்பிடவும் மாட்டார், நேரே அறைக்குள் போய்த் தரையைக் கிழிக்க ஆரம்பிப்பார். நீதான் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்து, ஏதாவது சூடாகக் குடிக்கக் கொடுக்க வேண்டும். அவரைத் திட்டு, சத்தமாகத் திட்டு, அவர் பதிலுக்குத் திட்டுகிற வரைக்கும் திட்டு, அது அவருக்கு நல்லது. அப்பாவுக்கு நான் இன்னும் எழுதவில்லை. உன்னிடமிருந்து செய்தி வந்த பிறகு இருவரைப் பற்றியும் சேர்த்து எழுதுகிறேன். நீயாக எதுவும் எழுதிவிடாதே, நடுக்கடலில் அந்த மனிதர் என்ன செய்வார்.

ஒன்று மட்டும் சொல்லிவிட்டு முடிக்கிறேன், சொல்லாமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. இந்த வரியை நான் எழுதும்போது நீ அந்த அறையில்தான் தூங்கிக்கொண்டிருப்பாய். ரயில் கிளம்ப வேண்டும், மலை ஏற வேண்டும், நாளைச் சாயங்காலம் ஆகும். தந்திக்காரன் பனியில் நடந்திருப்பானா, உன் கதவைத் தட்டியிருப்பானா, நீ சிரித்துவிட்டுப் படுத்திருப்பாயா. உனக்குக் குளிர் ஆகாது, சூடான மூலையில்தான் படுத்திருப்பாய், கன்னம் சிவந்திருக்கும். நீ இந்தக் கடிதத்தைப் படித்தால் நான் எழுதிய இந்த இரவு உனக்குக் கடந்துபோன இரவு. எனக்கு இன்னும் அது விடியவில்லை. கடவுளிடம் எதையும் கேட்டுப் பழகாதவள் நான், உனக்குத் தெரியும். இன்று ஆஸ்பத்திரிக் குழாயில் ஒரு கிண்ணம் தண்ணீர் பிடித்து ஜன்னலோரம் வைத்து, உன் பக்கம் பார்த்துக் கைகூப்பிவிட்டு வந்தேன், செவிலி தாகமா என்று கேட்டாள், ஆமாம் என்றேன். உன் மூச்சு நன்றாக ஓடட்டும். உனக்குப் பாடம் சொல்ல நாளைக் காலையில் உன் பிள்ளைகள் காத்திருக்கட்டும், நீ அவர்கள் முன் போய் நிற்க வேண்டும். நூறு வயது இரு, தலைவலி இல்லாமல் இரு.

அத்தை எழுந்து நின்றுவிட்டார், கையை நீட்டுகிறார். கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு போ காவல் அறைக்கு.

உன் சங்கு,
அம்மா

பின் குறிப்பு: கம்பி அறுந்திருந்தால் கீழ் ஊருக்கு யாரையாவது அனுப்பித் தந்தி அடி, இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை போதும். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடு.